தாய் செய்த பாவம்

வெள்ளரிக்காய்க்கு நான்கு குச்சிகளைக் காலாகச் செருகினால் அது குதிரை. கத்தரிக்காய்க்குச் செருகினால் அது மாடு. ஜப்பானில் கோடைக்காலத்தில் பல வீடுகளில் இவற்றைச் செய்து பூஜைப் பலகையின்மேல் வைக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிற முன்னோர்களுக்கு இவைதாம் வாகனம். வரும்போது குதிரை, விரைவாக வந்து சேர வேண்டும் அல்லவா? திரும்பும்போது மாடு, மெல்ல மெல்லப் போகட்டும், படைத்த பண்டங்களையும் சுமந்துகொண்டு போகட்டும் என்பது எண்ணம். இறந்தவர்களுக்குச் சோறு போடுகிற வழக்கம் உலகில் எத்தனையோ நாடுகளில் உண்டு. போகிறவர்கள் சற்றுத் தாமதமாகப் போகவேண்டும் என்பதற்காக வாகனத்தை மாற்றிக் கொடுக்கிற அன்பை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இந்தத் திருநாளுக்கு 'ஓபோன்' என்று பெயர். பழைய கணக்கில் ஏழாம் மாதம் பௌர்ணமி நாள். 1873-ல் ஜப்பான் ஐரோப்பியக் காலண்டரை ஏற்றுக்கொண்ட பிறகு நாள் குழம்பிவிட்டது. டோக்கியோவில் ஜூலை நடுவிலும், நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரையிலும், தெற்கே ஓகினாவாவில் இன்னும் பழைய சந்திரக் கணக்குப்படியும் கொண்டாடுகிறார்கள். முதல்நாள் மாலை வாசலில் சிறு நெருப்பு மூட்டி வழிகாட்டுவார்கள்; கடைசி நாள் மாலை மறுபடியும் நெருப்பு மூட்டி வழியனுப்புவார்கள். நடுவில் இருக்கிற நாட்களில் முன்னோர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அரசாங்க விடுமுறை அல்லவென்றாலும் அலுவலகங்கள் தாமாகவே கதவைச் சாத்திக்கொள்கின்றன. ரயில்களிலே இடம் கிடைக்காது. பொங்கலுக்கு முந்திய இரவு எழும்பூர் ரயில் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

இரவில் ஆட்டம். நடுவில் மரத்தாலான ஓர் உயர்ந்த மேடை, அதன்மேல் முரசு, சுற்றிலும் வட்டமாக ஊரார். கிஃபு மாநிலத்து குஜோ என்ற ஊரில் நான்கு இரவுகள் விடியவிடிய ஆடுகிறார்கள். தொகுஷிமாவில் தெருத்தெருவாக ஆடிக்கொண்டே போகிறார்கள். கியோத்தோவில் ஆகஸ்ட் 16 இரவு ஊரைச் சுற்றியுள்ள ஐந்து மலைகளில் எழுத்துக்களாகவும் உருவங்களாகவும் நெருப்பு எரிகிறது. ஒரு மலையில் 'பெரிய' என்று பொருள்படும் எழுத்து. மெல்லிய பருத்தி உடுப்பும் விசிறியுமாகக் கூட்டம் நிற்கிறது. நம் ஊர்க் கண்ணுக்கு இது தேர்த் திருவிழாவைப்போல் இருக்குமே தவிர, திதியைப்போல் இராது.

இவ்வளவு உல்லாசத்துக்கும் அடியிலே இருப்பது ஒரு நரகக் கதை. அந்தக் கதை என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது.

கதை ஜப்பானியருடையது அன்று. சீனத்தின் வழியாக வந்தது; கதைமாந்தர் நம் நாட்டவர். புத்தரின் சீடர்களுள் இருவர் தலைசிறந்தவர்கள். அறிவில் சாரிபுத்தர், சித்தியில் மொக்கல்லானர். ஜப்பானியர் இவரை 'மொகுரென்' என்பார்கள். மொக்கல்லானருக்கு ஞானக்கண் கிடைத்தது. கிடைத்தவுடன் அவர் தேடியது இறந்துபோன தம் தாயை. நல்ல பிள்ளை. ஆனால் தாய் இருந்த இடம் நல்ல இடமாக இல்லை. பசித்த ஆவிகளின் உலகத்தில், எலும்பும் தோலுமாக நின்றாள். அந்த உலகத்தார்க்கு வயிறு மலைபோல் பெருத்திருக்கும். தொண்டை ஊசித் துவாரம்போல் குறுகியிருக்கும் என்று சொல்லுவார்கள்.

மகன் பதறிப்போய்த் தம் பிக்ஷா பாத்திரத்தில் சோறு நிரப்பிக்கொண்டு ஓடினார். தாயிடம் நீட்டினார். அதன்பின் நடந்ததைச் சூத்திரம் ஒரு நாவலாசிரியனின் கண்ணோடு சொல்லுகிறது. தாய் இடது கையால் பாத்திரத்தை மறைத்துக்கொண்டாள். வலது கையால் சோற்றை அள்ளினாள். வாய்க்குள் போவதற்குள் சோறு நெருப்புக் கங்காகிவிட்டது.

அந்த இடது கையைக் கவனியுங்கள். பல காலம் பட்டினி கிடந்தவளுக்குப் பெற்ற மகனே சோறு கொண்டு வருகிறான். அள்ளித் தின்பதற்கு முன்பு அவள் செய்வது, பக்கத்தில் இருப்பவர்களின் கண்ணில் படாமல் பாத்திரத்தை மறைப்பது. சுற்றிலும் அவளைப்போன்ற பசித்த உயிர்கள் ஆயிரம் நின்றிருக்கும். அவள் என்ன பாவம் செய்து அங்கே வந்தாள் என்று சூத்திரம் விரித்துச் சொல்லவில்லை. பாவத்தின் வேர் ஆழமானது என்பதோடு விட்டுவிடுகிறது. ஆனால் அந்தக் கை சொல்லிவிடுகிறது.

மொக்கல்லானர் அழுதுகொண்டு புத்தரிடம் ஓடினார். "உன் ஒருவனுடைய சக்தியால் இது ஆகாது" என்ற கருத்தில் புத்தர் பதில் சொன்னார். ஏழாம் மாதப் பௌர்ணமியன்று, மழைக்காலத் தங்கல் முடிந்து, பத்துத் திக்கிலிருந்தும் துறவிகள் கூடுவார்கள். அவர்கள் எல்லாருக்கும் உணவும் கனிகளும் படுக்கையும் விளக்கும் கொடு. அந்தப் புண்ணியத்தால் உன் தாய் மீள்வாள் என்றார். அவ்வாறே செய்தார், அன்றே மீண்டாள். அதைக் கண்ட மகிழ்ச்சியில் மொக்கல்லானர் குதித்து ஆடினார், அந்த ஆட்டந்தான் இன்று ஊரார் ஆடுகிற ஆட்டம் என்பது மக்கள் வழக்கு. ஆராய்ச்சிக்காரர்கள் இதை ஒப்புவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்பென் என்ற துறவி புத்தர் நாமத்தைச் சொல்லி ஆடிக்கொண்டே ஊர் ஊராகப் போனார். அப்படிப்பட்ட ஆட்டங்களில் இதன் வேர் இருக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும். ஆனால் மக்கள் சொல்வதும் அழகாகத்தான் இருக்கிறது.

தாய் என்ன பாவம் செய்தாள் என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த மக்கள் சும்மா இருப்பார்களா? சீனத்தில் ஒரு கதை கட்டினார்கள். துறவிகளுக்கு அன்னமிடுவதற்காக மகன் கொடுத்துவிட்டுப் போன பணத்தை அவள் பதுக்கிக்கொண்டு பொய் சொன்னாள் என்பது அது. சாதாரணக் கதை, நம்மையெல்லாம் தொடாத கதை. ஜப்பானியப் பிக்ஷுக்கள் பிரசங்கத்தில் சொல்லுகிற வேறொரு கதைதான் நெஞ்சில் தைக்கிறது. கொடிய வெயிற்காலம். தண்ணீர்ப் பஞ்சம். வழிப்போக்கர்கள் வாசலில் நின்று ஒரு வாய்த் தண்ணீர் கேட்டார்கள். வீட்டிலே தண்ணீர் இருந்தது. "இது என் பிள்ளைக்கு" என்று சொல்லி அவள் கொடுக்க மறுத்துவிட்டாள்.

இவ்வளவுதான் பாவம். திருடவில்லை, பொய் சொல்லவில்லை, தானும் குடிக்கவில்லை. பிள்ளைக்கு எடுத்து வைத்தாள்.

இந்தக் கதையை என் தமக்கையிடம் ஒருநாள் சொன்னேன். நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"ஏண்டா, அந்தத் தண்ணீரை அவள் குடித்தாளா?"

"இல்லை அக்கா. பிள்ளைக்குத்தான் வைத்தாள்."

"பிள்ளை குடித்தானா?"

"குடித்திருப்பான்."

"அப்படியானால் நரகத்துக்கு அவள் மட்டும் ஏன் போனாள்? குடித்தவன் ஞானியாகி ஆகாயத்திலே பறக்கிறான். எடுத்து வைத்தவள் வாயில் நெருப்பு. நன்றாயிருக்கிறதடா உங்கள் நியாயம்!"

நான் அந்தக் கதையைப் பலமுறை படித்திருக்கிறேன். அறிஞர்கள் அதைப்பற்றி எழுதியவற்றையும் கொஞ்சம் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை நான் எங்கும் பார்க்கவில்லை. பார்த்தால், கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

பெற்ற பிள்ளையைப் பிறர் பிள்ளையைவிட அதிகமாக நேசிப்பது பாவமாகுமா? ஆகாது என்றுதான் நான் சொல்லுவேன். அந்த அதிகப்படி நேசம் இல்லாவிட்டால் எந்தக் குழந்தையும் ஒரு வயதைத் தாண்டாது. எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே அளவாக அன்பு காட்டுகிற தாயைக் கற்பனை செய்து பார்க்கிறேன். அவள் கையில் குழந்தையைக் கொடுக்க எனக்குத் துணிவு வராது. இந்தக் கதையைச் சொல்லிப் பெண்களைப் பயமுறுத்துகிற பிரசங்கியைக் கண்டால் எனக்குக் கோபந்தான் வரும். துறவிக்கு என்ன? குடம் அவன் வீட்டுக் குடம் அன்று. நாளைக்குத் தாகத்தில் அழப்போவதும் அவன் பிள்ளை அன்று.

ஆனால் அந்த வழிப்போக்கனும் நம் கண்ணிலிருந்து மறைய மறுக்கிறான். அவனும் யாரோ ஒருத்தியின் பிள்ளைதான். 2019-ல் சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிற ஏரிகள் வறண்டுபோனபோது, லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசை வைத்த தெருக்களையும், கிடைத்ததைத் தொட்டியிலே ஊற்றிப் பூட்டி வைத்த வீடுகளையும் நாம் அறிவோம். பூட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். வீட்டிலே கைக்குழந்தை இருந்திருக்கும்.

நான் நினைப்பது இது. அந்தத் தாயின் பாவத்துக்கு ஒரு பயனாளி இருந்தான். அவன் மகன். அவள் மறுத்த தண்ணீர் அவன் உடம்பில் இரத்தமாக ஓடியது. அந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் அவன் துறவியானான், தவம் செய்தான், ஞானக்கண் பெற்றான். அந்தக் கண்ணைத் திறந்து பார்த்தபோது முதலில் தெரிந்தது தன் உடம்பின் விலை.

"இதெல்லாம் யாருக்காக? உங்களுக்காகத்தானே!" இந்த வாக்கியம் ஒலிக்காத வீடு உண்டா? கடையிலே எடைக்கல்லைக் குறைத்து வைத்த தகப்பன் சொல்லியிருக்கிறான். வரப்பை ஒரு முழம் தள்ளிப்போட்ட பாட்டன் சொல்லியிருக்கிறான். தன் மகனுக்கு வேலை வாங்குவதற்காக யாரோ ஓர் ஏழைப் பையனின் மனுவை அடியிலே தள்ளிவிட்ட அதிகாரி சொல்லியிருக்கிறார். மருமகள் கொண்டுவந்ததை எடைபோட்டுப் பார்த்த மாமியார்கூட, மகனுக்காகத்தான் பார்த்தேன் என்பாள். இந்தச் சொல்லைக் கேட்கிறபோதெல்லாம் நாம் அதை நன்றிக் கடனாக மட்டும் எண்ணிக்கொள்கிறோம். கண் கலங்குகிறது, திதிநாளில் வடை பாயசத்தோடு கடனைத் தீர்க்கிறோம். அந்தச் சொல்லுக்குள் மற்றொரு பத்திரமும் சுருட்டி வைத்திருக்கிறது. உனக்காக நான் ஒருவனுக்கு மறுத்தேன் என்பது அதிலே எழுதியிருக்கிறது.

குழந்தை என்ன செய்யும், அது கேட்டதா என்று சொல்லலாம். சொல்ல வேண்டியதுதான். தொட்டிலில் கிடப்பவன்மேல் யாரும் குற்றம் சுமத்த முடியாது. ஆனால் மொக்கல்லானர் தொட்டிலில் கிடக்கவில்லை. அவருக்குக் கண் திறந்துவிட்டது. பார்த்தபிறகு ஒருவன் என்ன செய்கிறான் என்பதுதான் கேள்வி.

அவர் முதலில் செய்தது என்ன? தம் பாத்திரத்துச் சோற்றைத் தம் தாய்க்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். சுற்றிலும் நின்ற ஆயிரம் பசித்த வாய்களை அவரும் பார்க்கவில்லை. அவள் அன்று வாசலில் செய்ததை அப்படியே அவர் செய்தார். கை மட்டும் மாறியது. 'இது என் பிள்ளைக்கு' என்றாள் அவள். 'இது என் தாய்க்கு' என்றார் இவர். சோறு ஏன் கங்காயிற்று என்று இப்போது எனக்கு விளங்குகிறது. தண்டனை என்று நான் இதைச் சொல்லமாட்டேன். எந்தக் கணக்கில் கடன்பட்டதோ அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக் கடனை அடைக்க முயன்றார், அது அடையவில்லை.

இங்கே நம்முடைய பழங்கதை ஒன்றை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 'ஓபோன்' என்பதன் முழுப்பெயர் 'உராபோன்'. அது 'உல்லம்பனம்' என்ற வடசொல்லின் திரிபு, தலைகீழாகத் தொங்குதல் என்று அதற்குப் பொருள் என்பது பழைய விளக்கம். இதை மறுக்கிற அறிஞர்களும் உண்டு. 'போன்' என்பது வெறும் சோற்றுப் பாத்திரந்தான் என்கிறார்கள். அது எப்படியானாலும், தலைகீழாகத் தொங்குகிற முன்னோர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். மகாபாரதத்தில் ஜரத்காரு முனிவர் ஒரு பள்ளத்தில் தம் முன்னோர்கள் புல்வேரைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்குவதைக் காண்கிறார். வேரை எலி கடித்துக்கொண்டிருக்கிறது. நமக்கெல்லாம் குருவான அகத்தியரும் தம் முன்னோர்களை அப்படியே கண்டு, அதனால்தான் லோபாமுத்திரையை மணந்தார். நம் கதையில் முன்னோர்கள் தொங்குவது வமிசத்தில் பிள்ளை இல்லாமையால். ஜப்பானியப் பிரசங்கத்திலோ தாய் துன்பப்பட்டது பிள்ளை இருந்தமையால்! ஒரே படத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். பிள்ளை பெறுவதே மோட்சத்துக்கு வழி என்று நம்பிய நாட்டிலிருந்து புறப்பட்ட கதை, எங்கோ வழியில் வேறொன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது.

புத்தர் சொன்ன பரிகாரத்தைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். துறவிகளுக்குச் சாப்பாடு போட்டால் பாவம் தீரும் என்று துறவிகள் எழுதிய நூலில் இருந்தால் சந்தேகம் வராதா? எனக்கு வந்தது. இந்தச் சூத்திரமே சீனத்தில் எழுதப்பட்டது என்று கருதுகிற ஆராய்ச்சியாளரும் பலர் உண்டு. ஜப்பானில் 606-ஆம் ஆண்டு முதல் சுய்கோ அரசியின் ஆட்சியில் ஏழாம் மாதப் பௌர்ணமியன்று மடங்களில் சடங்கு நடந்ததென்று பழைய வரலாற்று நூல் குறிக்கிறது. அரசர்களும் மடங்களும் சேர்ந்து வளர்த்த வழக்கத்தில் மடத்துக்கு லாபம் இல்லாமல் இராது. ஆனாலும் ஒன்றை யோசிக்கவேண்டும். பத்துத் திக்கிலிருந்தும் ஓட்டை ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறவர்கள் யார்? தண்ணீர் கேட்டு நின்றவர்களைப்போன்ற ஊர்பேர் தெரியாத வழிப்போக்கர்கள். யாருக்கு மறுக்கப்பட்டதோ அவர்களுக்குக் கொடு என்று அந்தப் பரிகாரத்தைப் படிக்கலாம். அவள் திறவாத கதவை மகன் திறக்கிறான்.

நான் இப்படிப் படிப்பதற்குச் சூத்திரத்தைவிட ஜப்பானிய வீட்டுப் பெண்கள்தாம் ஆதாரம். பூஜைப் பலகையில் தங்கள் முன்னோர்களுக்குப் பழமும் சோறும் வைக்கிறார்கள் அல்லவா? பல ஊர்களில் அந்தப் பலகைக்குக் கீழேயோ, மூலையிலோ, வீட்டுக்கு வெளியிலோ தனியாக ஒரு தாமரை இலை போடுகிறார்கள். கத்தரிக்காயையும் வெள்ளரிக்காயையும் பொடியாக நறுக்கி, களைந்த அரிசியோடு கலந்து, தண்ணீர் தெளித்து அதிலே வைக்கிறார்கள். அது 'முஎன் பொதொகே'களுக்கு. ஜப்பானியர் இறந்தவர்கள் எல்லாரையுமே 'ஹொதொகே', அதாவது புத்தர், என்றுதான் சொல்லுவார்கள். கொலைகாரனும் செத்தால் புத்தனே. 'முஎன்' என்றால் உறவு அற்றவர்கள். பிள்ளை இல்லாமல் இறந்தவர்கள், வழியிலே விழுந்து இறந்தவர்கள், பெயர் தெரியாதவர்கள், வீட்டுக்காரர்கள் வரும்போது வாசலில் கூடவே வந்து ஒதுங்கி நிற்கிறவர்கள்.

மடங்களில் இதற்கென்றே தனிச் சடங்கும் உண்டு. அதற்கு ஆனந்தரின் கதையைச் சொல்லுவார்கள். வாயில் நெருப்பு எரிகிற ஓர் ஆவி அவர் முன்னே தோன்றி, மூன்று நாளில் நீ சாவாய் என்றது. கணக்கற்ற பசித்த ஆவிகளுக்கு உணவிட்டு அவர் தப்பினார். மணிமேகலை படித்தவர்களுக்குக் காயசண்டிகையின் யானைத்தீ என்னும் பசி நினைவுக்கு வரும். எவ்வளவு தின்றும் அடங்காத அந்தத் தீ, ஊருக்கெல்லாம் சோறிட ஏற்பட்ட பாத்திரத்திலிருந்து வந்த சோற்றால்தான் அடங்கியது. பௌத்தம் நம் மண்ணில் இருந்த காலத்தில் நாமும் இதே பாடத்தைத்தான் படித்திருக்கிறோம். பௌத்தம் போனபின்பும் அது முழுக்கப் போய்விடவில்லை. அமாவாசைத் தர்ப்பணத்தின் முடிவில், தாயும் தந்தையும் உற்றாரும் அற்றவர்களுக்கென்று ஒரு கைத் தண்ணீர் விடுகிற மந்திரம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த பெரியவர்கள் பலர் அதை மிக வேகமாகச் சொல்லி எழுந்துவிடுவார்கள். காப்பி ஆறிவிடும்.

தாமரை இலையைப்பற்றி இவ்வளவு புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வழக்கம் மனிதனை நல்லவனாக்கிவிடும் என்று எண்ணுவது ஏமாற்று.

1282-ல் காமகுராவில் எங்காகுஜி என்ற மடத்தை ஹோஜோ தொகிமுனே என்ற ஆட்சியாளர் நிறுவினார். மங்கோலியரின் படையெடுப்பைத் தடுத்து வென்ற பிறகு, தம் வீரர்களுக்காக மட்டும் அல்லாமல், தம்மை அழிக்க வந்து மாண்ட பகைவர்களுக்காகவும் நிறுவினார். இதைப் படித்தபோது எழுந்து நின்று கைகூப்பத் தோன்றியது. அதே நாட்டின் படைதான் 1942-43-ல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. அங்கே வேலைவாங்கப்பட்டு இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளிகள் அதைப்போலப் பல மடங்கு இறந்தார்கள். அவர்களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரம் பேர். காலராவில் இறந்தவர்களைக் குழியில் தள்ளி மூடினார்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெயரோடும் வயதோடும் இருக்கின்றன. தமிழர்களில் மிகப் பலருக்குப் பெயர் எழுதிய ஒரு கல்லும் இல்லை. ஜப்பானியப் படையின் ரயில்வே எஞ்சினியர்கள் 1944-ல் அங்கே ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள். இறந்தவர்களுக்கு அஞ்சலி! உயிரோடு இருந்தபோது ஒரு வாய் நல்ல தண்ணீர் கொடுத்திருந்தால் தூணே வேண்டியிருந்திராது.

அந்த எஞ்சினியர்கள் வீட்டிலும் கோடையில் மூலையில் தாமரை இலை போட்டிருப்பார்கள். நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. உறவற்ற செத்தவனுக்கு இலை போடுவது எளிது. உறவற்ற உயிருள்ளவன் வாசலில் வந்து நிற்கும்போது கொடுப்பதுதான் கடினம். அந்தத் தாய்க்கும் இதே கஷ்டந்தான். இறந்துபோன வழிப்போக்கனுக்கு அவளும் தாராளமாகத் தண்ணீர் தெளித்திருப்பாள்.

யுத்தம் முடிந்ததாக ஜப்பானியச் சக்கரவர்த்தி வானொலியில் அறிவித்தது 1945 ஆகஸ்ட் 15. அது ஓபோன் நாட்களுக்கு நடுவே விழுந்தது. அன்றிலிருந்து அந்த நாட்டில் முன்னோர்கள் வருகிற நாளும், போரில் மாண்டவர்களை நினைக்கிற நாளும் ஒன்றாகிவிட்டன. ஹிரோஷிமாவில் ஆகஸ்ட் 6 மாலை ஆற்றில் காகித விளக்குகளை மிதக்கவிடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் குதிரையேறி வருகிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வியும் வந்தது. வீட்டுக்கு அன்பான தாத்தா அங்கே, தொலைவில் ஓர் ஊரில், என்ன செய்தார்? சிலர் கேட்டார்கள். சிலர் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள். சிலர் சயாமுக்கே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். பெரும்பாலோர் கேட்கவில்லை. கேட்காதவர்களை எனக்குப் புரிகிறது. தாத்தாவின் படத்துக்கு முன்னால் பழத்தட்டை வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்க எத்தனை பேருக்கு நாக்கு எழும்? நம் பாட்டன் படத்துக்கு முன்னால் நின்று, வரப்பைப்பற்றியும், சேரிக் கிணற்றைப்பற்றியும் நாம் கேட்டிருக்கிறோமா?

என் தமக்கைக்கு இந்த விளக்கமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டாள். "அது சரி, அந்த வழிப்போக்கர்கள் என்ன ஆனார்கள்?" என்றாள்.

சூத்திரத்தில் இல்லை. பிரசங்கத்திலும் இல்லை. தாய் மீண்டாள், மகன் ஆடினான், ஊர் இன்றும் ஆடுகிறது. தண்ணீர் கிடைக்காமல் போனவர்களைப்பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

ஜப்பானில் இப்போது பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். கிராமங்கள் காலியாகின்றன. கல்லறையைக் கழுவித் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத குடும்பங்கள் பெருகிவிட்டன. கவனிப்பாரற்ற கல்லறைகளை என்ன செய்வது என்பதற்கு 1999-ல் விதியைத் திருத்தினார்கள். அரசாங்கக் கெஜட்டில் ஒரு விளம்பரம். கல்லறைப் பக்கத்தில் ஓர் ஆண்டு காலம் ஓர் அறிவிப்புப் பலகை. உறவினர் யாராவது இருந்தால் வந்து சொல்லவேண்டியது. ஒருவரும் வராவிட்டால் எலும்புகளை எடுத்து, உறவற்றவர்களுக்கான பொதுச் சமாதியில் சேர்த்துவிடுவார்கள். பழைய கற்களைப் பல மடங்களில் ஒரு மூலையில் கோபுரம்போல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நேற்றுவரை பலகையின்மேல் வாழை இலைபோல் விரித்துப் படைக்கப்பெற்றவர்கள் இன்று மூலைத் தாமரை இலைக்கு வந்துவிட்டார்கள். ஓபோன் நாட்களில் தங்கள் குடும்பக் கல்லறையைக் கழுவ வருகிறவர்கள், வாளியில் மிச்சம் தண்ணீர் இருந்தால், போகிற வழியில் அந்தக் கற்குவியலின்மேலும் ஊற்றிவிட்டுப் போவதுண்டு.